சென்னை மெட்ரோ, பறக்கும் ரயில், மின்சார ரயில் நிலையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ரயிலில் வழி தவறுபவர்களில் பெரும்பாலோர் தவறான ரயிலில் ஏறியவர்கள் அல்ல. சரியான ரயிலில் ஏறி, தவறான நிலையத்தில் இறங்கியவர்கள். பலகையில் இருக்கும் பெயரும் போக வேண்டிய இடமும் இந்த ஊரில் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி, எங்கே இறங்குவது, எந்தப் பக்கம் வெளியே வருவது என்பதைப் பற்றியதுதான்.

சென்னையில் மொத்தம் எத்தனை வகை நகர ரயில்கள்?

மூன்று. ஒன்று, தரைவழியே ஓடும் மின்சார ரயில். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு, சென்ட்ரல்–ஆவடி–திருவள்ளூர்–அரக்கோணம், சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி ஆகியவை இதன் முக்கியத் தடங்கள். இரண்டாவது பறக்கும் ரயில்: கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை 18 நிலையங்கள். இவை இரண்டும் தெற்கு ரயில்வேயின் கையில் இருப்பவை. மூன்றாவது மெட்ரோ. அது தனி நிறுவனம், தனி டிக்கெட், தனி தண்டவாளம். தண்டவாளத்தின் அகலமே வேறு. ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மி.மீ.; மெட்ரோவுடையது 1,435 மி.மீ. ஒன்றின் வண்டி இன்னொன்றின் பாதையில் ஓடாது.

ட்ராம் இருந்ததாகச் சொல்கிறார்களே, அதன் நிலையங்கள் எங்கே போயின?

ட்ராமுக்கு நிலையம் என்று எதுவும் இல்லை. சாலை ஓர நிறுத்தங்கள்தான். 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய முதல் ட்ராம் இதுதான். ஆரம்பத்தில் தலைக்கு மேல் கம்பி கிடையாது. இரு தண்டவாளங்களுக்கு இடையே சாலையில் நீளமாக ஒரு பிளவு, அதற்குக் கீழே கால்வாய் போல ஒரு குழி, குழிக்குள் மின்சாரம் ஓடும் கம்பி. வண்டியின் அடியிலிருந்து ஒரு கருவி பிளவுக்குள் இறங்கி, கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும். வறண்ட ஊருக்கு இது சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைத் தண்ணீரும் சேறும் முதலில் இறங்குவது அந்தக் குழிக்குள்தான். கொஞ்ச காலத்திலேயே மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று. பேருந்துகளோடு போட்டி போட முடியாமல் நஷ்டம் கூடி, 1953 ஏப்ரலில் ட்ராம் ஒரேயடியாக நின்றுபோனது.

சாலையோடு கலந்து ஓடும் ரயில் அதற்குப் பிறகு இந்த நகரத்தில் இல்லை. தாம்பரம்–வேளச்சேரி போன்ற தடங்களில் இலகு ரயில் விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்திருக்கிறது. இன்று ஓடுபவை மேலே சொன்ன மூன்றுதான்.

மெட்ரோவில் எத்தனை நிலையங்கள்? நீலம், பச்சை என்றால் என்ன?

இரண்டு தடங்கள், 54.1 கி.மீ., 41 நிலையங்கள். நீலத்தடம் வடக்கே விம்கோ நகர் பணிமனையில் தொடங்கி, வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல், அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வழியாக விமான நிலையம் வரை போகிறது, 26 நிலையங்கள். பச்சைத்தடம் சென்ட்ரலில் தொடங்கி, எழும்பூர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர் வழியாக பரங்கிமலை வரை, 17 நிலையங்கள். கூட்டினால் 43 வரும். சென்ட்ரலும் ஆலந்தூரும் இரண்டு தடத்துக்கும் பொது என்பதால் 41.

முதலில் திறந்தது கோயம்பேடு–ஆலந்தூர் பகுதி, 2015 ஜூன் 29 அன்று. சுரங்க ரயில் 2017 மே மாதம் கோயம்பேட்டிலிருந்து நேரு பூங்கா வரை வந்தது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர். திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் பணிமனை ஆகிய இரண்டு நிலையங்கள் மட்டும் கொஞ்சம் தாமதித்து 2022 மார்ச்சில் திறந்தன.

எவை சுரங்கத்தில், எவை பாலத்தின் மேல்?

நீலத்தடத்தில் தண்டையார்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை பூமிக்கு அடியில். பச்சைத்தடத்தில் சென்ட்ரல் முதல் திருமங்கலம் வரை. மற்றவை மேலே.

இதைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு. சுரங்க நிலையத்தில் வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை இரண்டு கட்டமாக இறங்க வேண்டும்: முதலில் டிக்கெட் தளம், அதற்குக் கீழே பிளாட்பாரம். பையைச் சோதனை இயந்திரத்தில் வைத்து எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால், வாசலில் நுழைந்ததிலிருந்து ரயில் ஏற ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள். சென்ட்ரலில் பத்து நிமிடம். சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்தின் ஓரம் முழுக்கக் கண்ணாடிக் கதவுகள் இருக்கும். ரயில் வந்து நின்ற பிறகு ரயில் கதவும் இந்தக் கதவும் சேர்ந்து திறக்கும். தண்டவாளத்தில் யாரும் விழாமல் தடுப்பதும், குளிர்ந்த காற்று சுரங்கத்துக்குள் ஓடிவிடாமல் காப்பதும் அதன் வேலை. மூடும் ஒலி கேட்ட பிறகு கையையோ பையையோ நீட்டாதீர்கள். ஒரு கதவு முழுதாக மூடாவிட்டாலும் ரயில் கிளம்பாது. பின்னால் வரும் ரயில்களும் தாமதமாகும்.

நிலையத்தின் பெயரும் இடமும் குழப்புகிறதே. எதற்கு எங்கே இறங்க வேண்டும்?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி.

கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு 'கோயம்பேடு' நிலையத்தில் இறங்காதீர்கள். அடுத்த நிலையமான சி.எம்.பி.டி.யில் இறங்கினால் பேருந்து நிலையத்தின் வாசலிலேயே இருப்பீர்கள். 2020 ஜூலையில் அதற்கு ஜெயலலிதா பெயரும், ஆலந்தூருக்கு அண்ணா பெயரும், சென்ட்ரல் மெட்ரோவுக்கு எம்.ஜி.ஆர். பெயரும் சேர்க்கப்பட்டன. பலகையில் நீளமான பெயரைப் பார்த்து வேறு நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொன்று: தென் மாவட்டப் பேருந்துகள் இப்போது கோயம்பேட்டிலிருந்து கிளம்புவதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கம் போகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும். மெட்ரோ அதுவரை போகாது. விமான நிலையத்தில் இறங்கி, எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, வண்டலூரில் இறங்கி மாநகரப் பேருந்து பிடிப்பது நெரிசலில் சிக்காத வழி.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் அல்லது திருவல்லிக்கேணி. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டம். அரசினர் தோட்டம் என்ற பெயர் பலருக்குப் புரியாது. ஓமந்தூரார் மருத்துவமனை இருக்கும் இடம் என்று நினைவில் வையுங்கள். தலைமைச் செயலகத்துக்குப் பறக்கும் ரயிலில் கோட்டை நிலையம். உயர் நீதிமன்றத்துக்கும் பாரிமுனைக்கும் அதே பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறது: 'உயர் நீதிமன்றம்'. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை. டைடல் பூங்காவுக்கு அதே ரயிலில் திருவான்மியூர். தரமணி வரை போய்விட்டுத் திரும்புகிறவர்கள் பலர். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்குக் கீழ்ப்பாக்கம் மெட்ரோ. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் சென்ட்ரல் மெட்ரோ.

தி.நகருக்கு? ரங்கநாதன் தெருவுக்கு மின்சார ரயிலில் மாம்பலத்தில் இறங்குவதைவிட நெருக்கமான வழி இன்றுவரை இல்லை. நந்தனத்திலோ தேனாம்பேட்டையிலோ மெட்ரோ இறங்கினால் மீண்டும் ஒரு பேருந்தோ ஆட்டோவோ தேவைப்படும்.

சைதாப்பேட்டை மெட்ரோவும் சைதாப்பேட்டை ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம் என்று திட்டமிடாதீர்கள். மாற வேண்டுமானால் கிண்டி.

மெட்ரோவிலிருந்து மற்ற ரயில்களுக்கு எங்கே மாறலாம்?

சென்ட்ரல் மெட்ரோ ஒன்றே நான்கு ரயில் நிலையங்களுக்கு வாசல். நீண்ட தூர ரயில்களுக்கு சென்ட்ரல். ஆவடி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மின்சார ரயில்களுக்கு அதன் பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகம். தாம்பரம் ரயிலுக்குச் சாலைக்கு அந்தப்புறம் பூங்கா நிலையம். வேளச்சேரி ரயிலுக்குப் பூங்கா நகர் நிலையம். பூங்காவும் பூங்கா நகரும் ஒன்றல்ல. 'பார்க்' என்று பேச்சில் சொல்லிவிட்டு இரண்டையும் குழப்புகிறார்கள். பெட்டியோடு போகிறவர்கள் சாலையைக் கடக்காமல் சப்வேயிலேயே வழிகாட்டிப் பலகைகளைப் பார்த்துப் போங்கள். எந்த வாசலில் ஏறினோம் என்பது மாறிவிட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் தவறான பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

எழும்பூர், கிண்டி, பரங்கிமலை ஆகிய மூன்றிலும் மெட்ரோவும் ரயில் நிலையமும் ஒட்டியே இருக்கின்றன. தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு கிண்டியே வசதி. விமான நிலைய மெட்ரோவுக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறம் திரிசூலம்.

விமான நிலையத்திலிருந்து எழும்பூர் போக எங்கே மாறுவது?

சென்ட்ரலில். நீலத்தடத்தில் சென்ட்ரல் வரை போய், பச்சைத்தடத்தில் ஒரே ஒரு நிலையம். ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு, அண்ணா நகர் என்று ஊரைச் சுற்றி வருவீர்கள். வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவர்களுக்குத்தான் ஆலந்தூர். அங்கே இரண்டு தடங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. மாறுவதற்கு வெளியே வர வேண்டாம், மறுபடி டிக்கெட் எடுக்கவும் வேண்டாம். எந்தத் தளம் என்று மட்டும் பார்த்து எஸ்கலேட்டரில் ஏறுங்கள், அல்லது இறங்குங்கள்.

கட்டணம் எவ்வளவு? எதில் டிக்கெட் எடுத்தால் லாபம்?

2021 பிப்ரவரியில் குறைத்து நிர்ணயித்த கட்டணம் இது: 2 கி.மீ. வரை ரூ.10, 5 கி.மீ. வரை ரூ.20, 12 கி.மீ. வரை ரூ.30, 21 கி.மீ. வரை ரூ.40, அதற்கு மேல் ரூ.50. அட்டையிலோ கியூஆர் முறையிலோ எடுத்தால் 20 சதவீதத் தள்ளுபடியும், ஞாயிற்றுக்கிழமை, அரசு விடுமுறை நாட்களில் பாதிக் கட்டணமும் அப்போதே அறிவிக்கப்பட்டன.

தினமும் போகிறவர்கள் சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் அறிமுகமான தேசியப் பொது இயக்க அட்டை இது. மாநகரப் பேருந்திலும் செல்லும். பழைய மெட்ரோ பயண அட்டையில் 2025 ஆகஸ்ட் முதல் பணம் ஏற்ற முடியாது. எப்போதாவது போகிறவர்களுக்கு வாட்ஸ்அப், பேடிஎம், போன்பே போன்றவற்றில் கியூஆர் டிக்கெட் போதும். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது.

கியூஆர் காட்டியும் கதவு திறக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் காரணம் எளிது. ஃபோனின் திரை வெளிச்சம் குறைவாக இருக்கும், முழுதாகக் கூட்டுங்கள். திரைக் காப்புக் கண்ணாடி கீறலாக இருந்தாலும் வாசிக்காது. ஃபோனைக் கண்ணாடியில் அழுத்தித் தேய்க்காமல், நாலைந்து விரல் அகலம் மேலே, அசையாமல் ஒரு விநாடி பிடியுங்கள். பச்சை அம்பு வந்ததும் நடங்கள். நான்கு பேருக்குச் சேர்த்து எடுத்த டிக்கெட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறை காட்ட வேண்டும்; முதல் ஆள் போனதும் பின்னாலேயே அடுத்தவர் நுழைந்தால் கதவு நடுவில் மூடும். அதே கியூஆரை வெளியே வரும்போதும் காட்ட வேண்டும் என்பதை மறந்து அழித்துவிடாதீர்கள். சார்ஜ் ஐந்து சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவுன்ட்டரில் காகித டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது. அப்படியும் திறக்கவில்லை என்றால் கதவைத் தாண்டிக் குதிக்காமல் பக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளர் சேவைக் கவுன்ட்டரில் காட்டுங்கள். டிக்கெட் நிலையை அங்கே பார்த்துச் சரிசெய்வார்கள்.

மின்சார ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் அபராதம் கட்ட நேர்வது எதனால்?

டிக்கெட் எடுக்காததால் மட்டும் அல்ல. முதல் வகுப்புப் பெட்டியில் தெரியாமல் ஏறுவதாலும்தான். சாதாரண மின்சார ரயிலிலேயே முதல் வகுப்புப் பகுதி இருக்கிறது. கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று ஏறிவிடுவார்கள். பெட்டியின் வெளிப்புறம் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். அபராதம் குறைந்தது ரூ.250, அதோடு பயணக் கட்டணமும் சேரும். பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுவதும் குற்றம்.

கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. அதன் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.35. சாதாரண ரயிலுக்கு எடுத்த 5 ரூபாய் டிக்கெட் அதில் செல்லாது.

ரயில்வேயின் செயலியில் காகிதமில்லா டிக்கெட் எடுக்கிறவர்கள் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு எடுக்க முயன்றால் செயலி மறுக்கும். உள்ளே வந்துவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். சோதகரிடம் செயலியைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

பறக்கும் ரயில் நிலையங்கள் ஏன் இவ்வளவு பெரிதாகவும் வெறிச்சோடியும் இருக்கின்றன?

வணிக வளாகமாக வாடகைக்கு விடலாம் என்ற எண்ணத்தில் தளம் தளமாகக் கட்டினார்கள். கடைகள் எதிர்பார்த்த அளவு வரவில்லை. 1995-இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி என்று துண்டு துண்டாக நீண்ட பாதை இது. நடுவில் விட்டுப்போன முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் 2014-இல்தான் திறந்தது. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் போகிறது. நிலம் கையகப்படுத்தும் செலவு மிச்சமானது. ஆனால் நிலையங்கள் முக்கியச் சாலைகளிலிருந்து விலகிப் போய்விட்டன. பேருந்து நிறுத்தம் வாசலில் இல்லாத நிலையத்துக்குக் கூட்டம் வராது. இந்தப் பாதையின் பெரிய குறை அதுதான். ரயிலின் வேகத்திலோ நேரத்திலோ குறை சொல்ல முடியாது. திருவான்மியூரிலிருந்து கடற்கரைக்குச் சாலையில் போகிற எதுவும் மாலை நேரத்தில் இதை முந்தாது.

இரவில் பயணம் செய்வோர், எஸ்கலேட்டர் இயங்கும் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். முட்டிவலி உள்ளவர்களுக்குப் படிகள் கடினம். டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும் பக்கத்து வாசலிலேயே ஏறி இறங்குங்கள். ஆள் நடமாட்டம் அங்கேதான் இருக்கும்.

மழைக்காலத்தில் மெட்ரோ ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். சுரங்க நிலைய வாசல்கள் சாலை மட்டத்துக்கு மேலே சில படிகள் உயர்த்திக் கட்டப்பட்டவை. அந்தப் படிகளை ஏறித்தான் இறங்க வேண்டும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் வெள்ளம்தான். சிக்கல் வருவது பாலத்தின் மேல் இருக்கும் நிலையங்களில். ரயில் மேலே பத்திரமாக ஓடும். கீழே வாசலில் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பரங்கிமலை நிலைய வாசலில் சுமார் நான்கடித் தண்ணீர் நின்றது. பயணிகளை ஆலந்தூரில் ஏறச் சொன்னார்கள். ஆகவே கனமழை நாளில் ரயில் ஓடுகிறதா என்று மட்டும் கேட்காமல், ஏறும் நிலையத்தின் வாசலுக்குப் போக முடிகிறதா என்றும் விசாரியுங்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர்கள், பார்வையற்றோர் பயன்படுத்த முடியுமா?

மெட்ரோவில் முடியும். ஒவ்வொரு நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. மஞ்சள் தொடுதரை வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை போகும். ஆனால் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. முதல் முறை போகும்போது லிஃப்ட் உள்ள வாசல் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயிலில் பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் இடையே உயர வித்தியாசமும் இடைவெளியும் இருப்பதால் உதவிக்கு ஒருவர் அவசியம்.

பெண்கள் பெட்டி எங்கே வரும்?

மெட்ரோவில் நான்கு பெட்டிகளில் ஓரத்தில் உள்ள ஒன்று. 2020 நவம்பர் வரை கூடுதல் கட்டணச் சிறப்பு வகுப்பாக இருந்ததைத்தான் பெண்கள் பெட்டியாக மாற்றினார்கள். நிலையங்கள் ஆறு பெட்டி ரயிலுக்கு இடம் விட்டுக் கட்டப்பட்டவை. ஆகவே பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் போய் நின்றால் ரயில் அங்கே வராது. தரையில் உள்ள குறியைப் பார்த்து நில்லுங்கள்.

திருவொற்றியூர் போக ஏறினேன், வண்ணாரப்பேட்டையில் இறக்கிவிட்டார்கள். ஏன்?

நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டை–ஆலந்தூர் இடையே கூடுதல் ரயில்கள் ஓடுகின்றன. அவை வண்ணாரப்பேட்டையோடு திரும்பிவிடும். பிளாட்பாரத் திரையில் எத்தனை நிமிடம் என்பதைப் பார்க்கிறோமே தவிர, அதன் பக்கத்தில் போட்டிருக்கும் கடைசி நிலையத்தின் பெயரைப் படிப்பதில்லை. விம்கோ நகர் என்று போட்டிருந்தால் மட்டும் ஏறுங்கள். தவறி ஏறிவிட்டாலும் வண்ணாரப்பேட்டையில் வெளியேறாமல் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் போதும். அதே டிக்கெட் செல்லும்.

கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கும். முனையங்களிலிருந்து கடைசி ரயில் இரவு 11 மணிக்கு. 11 மணி என்பது அது கிளம்பும் நேரம். உங்கள் நிலையத்தை எப்போது கடக்கும் என்பது வேறு கணக்கு. ஆலந்தூரிலோ சென்ட்ரலிலோ மாற வேண்டியவர்கள் பத்தரைக்குள் ஏறிவிடுங்கள். மாறும் இடத்தில் அடுத்த தடத்தின் கடைசி ரயில் போயிருந்தால் வெளியே வந்து ஆட்டோதான். இரவு 10.40-க்குத் தரையிறங்கும் விமானத்தில் வருகிறவர்கள் பெட்டி வாங்கி, நடைமேம்பாலத்தில் நடந்து மெட்ரோவுக்கு வருவதற்குள் கதவு அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் திரிசூலத்தில் மின்சார ரயிலைப் பாருங்கள். அது நள்ளிரவை ஒட்டிய நேரம் வரை ஓடும்.

பையை ரயிலிலேயே விட்டுவிட்டால்?

மெட்ரோ என்றால், இறங்கிய நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உடனே சொல்லுங்கள்: எந்தத் திசை ரயில், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள், முன்னாலிருந்து எத்தனையாவது பெட்டி. இந்த மூன்றும் தெரிந்தால் அடுத்த நிலையத்திலேயே எடுத்து வைக்க முடியும். மின்சார ரயில், பறக்கும் ரயில் என்றால் 139 எண்ணில் புகார் பதிந்துவிட்டு, ரயில் போய்ச் சேரும் கடைசி நிலையத்தின் ரயில்வே பாதுகாப்புப் படை அறைக்குப் போங்கள். அந்த ரயில் அங்கே அதிக நேரம் நிற்காமல் எதிர்த் திசையில் கிளம்பிவிடும்.